27ஆம் எண் அறையைத் திறந்துவையுங்கள்: மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

உங்கள் மருத்துவமனையின் புறநோயாளிகள் கட்டடத்தில், முதல் மாடியில், 27ஆம் எண் அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. 'வலி சிகிச்சைப் பிரிவு மறு அறிவிப்பு வரும் வறை செயல்படாது.' நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். 'வறை' என்பதை 'வரை' என்று திருத்திவிட்டுத்தான் படியிறங்கினேன். அரசு அறிவிப்பில் கை வைத்தது குற்றமென்றால் ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தாளில் என்னால் திருத்த முடிந்தது அந்த ஓர் எழுத்துதான். மிச்சத்தைத் திருத்த வேண்டியவர் நீங்கள்.

முறைப்படி கேட்டுப் பார்த்துவிட்டேன். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நின்று மனுக் கொடுத்தேன். ஐந்து வாரம் கழித்து உங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. நான்கு வரி. முதல் மூன்று வரிகள் மனுவின் எண்ணுக்கும் நாளுக்கும் பொருளுக்கும் போய்விட்டன. நான்காவது வரி இது: 'வலி என்பது தனி நோய் அல்ல, நோயின் அறிகுறி மட்டுமே என்பதால் மனுதாரர் உரிய துறையை அணுகிச் சிகிச்சை பெற்றுக்கொள்ளலாம்.' உரிய துறை எது என்று அதில் இல்லை. ஐந்தரை ஆண்டுகளாக நான் தேடிக்கொண்டிருப்பதும் அதைத்தான்.

வலி இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வலது பக்கம், விலா எலும்பு முடிகிற விளிம்புக்குக் கீழே, வயிற்றின் நடுக்கோட்டிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி. என் அப்பாயி இருந்திருந்தால் அள்ளை என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார். 2019 அக்டோபரில் தொடங்கியது. விழவில்லை, அடிபடவில்லை, பாரம் தூக்கவில்லை. மறு ஆண்டுக்கான நாட்காட்டித் தாள்களை வைத்துக்கொண்டு அஷ்டமி, நவமி, கரிநாள் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ கட்டைவிரலை மடித்து விலாவுக்கு அடியில் கொடுத்ததுபோல இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். விரலை எடுக்கவில்லை. இன்றுவரை எடுக்கவில்லை. சில நாட்களில் அந்த விரலுக்கு நகமும் இருக்கும்.

முதல் ஓராண்டு அதை வாயு என்றே நம்பினேன். வீட்டிலும் தெருவிலும் அதற்கு ஏற்கெனவே பெயர் இருந்தது: வாயுப்பிடிப்பு. இருமினால் கூடுகிறது என்றதும் மூச்சுப்பிடிப்பு ஆயிற்று. ஓமத் தண்ணீர், பெருங்காயம், சுட்ட பூண்டு, கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் எல்லாம் பார்த்தாயிற்று. சுளுக்கு வழிப்பவர் ஒருவர் மூன்று வெள்ளிக்கிழமை வழித்துவிட்டார். நான்காவது வெள்ளிக்கிழமை நான் போகவில்லை. உயிர்மேல் ஆசை இருந்தது. பெரியம்மா ஒருவர், "இது சூலை. திருவதிகைக்குப் போய்த் திருநீறு வாங்கிப் பூசிக்கொள்" என்றார். அங்கும் போனேன். இதைப் படித்து நீங்கள் சிரிக்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அவர்களில் ஒருவர்கூட எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னதில்லை. அதைச் சொன்னவர்கள் எல்லாம் படித்தவர்கள்.

இந்த வலியோடு ஒரு நாள் எப்படிப் போகும் என்பது எந்தச் சீட்டிலும் எழுதப்படவில்லை. எழுத அங்கே இடமும் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. இடது பக்கம் படுத்தால் வலது விலா தன் எடையில் கீழே இழுக்கும். ஆக மல்லாந்துதான் தூக்கம், அதுவும் முழங்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து. பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டினால் மதியத்துக்குள் கண்ணில் நீர் வரும். தும்மல் வருகிறது என்று தெரிந்தால் விலாவைக் கையால் அணைத்துக்கொள்ள ஒரு நொடி வேண்டும். தும்மல் அந்த ஒரு நொடியைத் தருவதில்லை. வாசலில் குனிந்து கோலம் போடுவதை மகள் எடுத்துக்கொண்டாள். குடத்தை இடுப்பில் வைப்பதில்லை. அரிவாள்மனையில் உட்கார்ந்து காய் நறுக்குவதில்லை. பஸ்ஸில் முன் இருக்கைக் கம்பி வயிற்றில் படுமோ என்று நின்றுகொண்டே வருவேன். உட்கார இடம் இருக்கும்போது நிற்கிற பெண்ணை நடத்துநர் எப்படிப் பார்ப்பார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

மெய்ப்புத் திருத்துவது உட்கார்ந்து பார்க்கிற வேலை, அதனால் சுலபம் என்று நினைப்பார்கள். முன்னால் குனிந்து உட்கார்ந்தால்தான் எழுத்து கண்ணுக்குப் பிடிபடும். குனிந்தால் விலா விளிம்பு வயிற்றுக்குள் இறங்கும். அரை மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து சுவரோரம் நின்று கொள்வேன். அச்சக உரிமையாளர் நல்ல மனிதர். ஆனாலும் மூன்றாவது ஆண்டில் கேட்டார்: "ஏம்மா, எல்லா ஸ்கேனும் சரியாகத்தானே இருக்கிறது?" கையில் மாவுக்கட்டுப் போட்டவரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஒரு கட்டத்தில், அடுத்த ஸ்கேனிலாவது கட்டி மாதிரி ஏதாவது தெரிந்துவிடாதா என்று ஏங்கியிருக்கிறேன். படிக்கிற பிள்ளை உள்ள ஒருத்தி நினைக்கக்கூடிய நினைப்பா அது? ஆனால் நினைத்தேன்.

2020 இறுதியில் உங்களிடம் வந்தேன். பொது மருத்துவம். அங்கிருந்து அறுவைச் சிகிச்சை. அங்கிருந்து இரைப்பை குடல். அங்கிருந்து மகளிர் மருத்துவம். அங்கிருந்து எலும்பு. மறுபடியும் பொது மருத்துவம். கடைசியில் மனநலம். ஒவ்வொரு துறையும் அடுத்த துறைக்கு ஒரு சீட்டுக் கொடுத்தது. கொடுத்த துறை என்னை மறந்துவிட்டது. 2021 முதல் நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்றானதால்தான் இத்தனை முறை வர முடிந்தது. அந்த நன்றி உங்களுக்கு உரியதன்று, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். பயணம் இலவசம்தான், வந்த நாளின் கூலிக்கு யாரும் பொறுப்பில்லை.

ஜவுளிக்கடைப் பையொன்றில் எல்லாத் தாள்களையும் வைத்திருக்கிறேன். இந்த மடலுக்காக எண்ணிப் பார்த்தேன். வயிற்று ஸ்கேன் ஒன்பது. சி.டி. ஸ்கேன் இரண்டு. எண்டோஸ்கோபி மூன்று. மார்பு எக்ஸ்ரே நான்கு. ரத்தப் பரிசோதனைத் தாள்களை எண்ணப் பொறுமை இல்லை. பெரும்பாலானவை ஒரே வாக்கியத்தில் முடிகின்றன: குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதுமில்லை.

முதல் சுற்றுப் பரிசோதனைகளை நான் குறை சொல்லவில்லை. அந்த இடத்தில் வலிக்கிறது என்றால் பித்தப்பை, கல்லீரல், இரைப்பை, சிறுநீரகம், நுரையீரலின் அடிப்பகுதி எல்லாவற்றையும் பார்க்கத்தான் வேண்டும். என் வழக்கு இரண்டாவது சுற்றிலிருந்து தொடங்குகிறது. ஒரு பக்கத்தில் பிழையில்லை என்று நான் கையெழுத்துப் போட்டால், நான் தேடிய வகைப் பிழை என் கண்ணில் படவில்லை என்பதுதான் அதன் பொருள். இருபது ஆண்டு இந்த வேலையைப் பார்த்த பிறகும், பிழையே கிடையாது என்று சத்தியம் செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை. ஸ்கேன் உறுப்புகளைப் பார்க்கிறது. தோலுக்கும் தசைக்கும் நடுவே நெருக்குண்ட ஒரு மெல்லிய நரம்பை அது வழக்கமாகப் பார்ப்பதில்லை. பார்க்காத ஒன்றைப் பற்றி 'ஏதுமில்லை' என்று அது எப்படிச் சொல்லும்? ஒன்பது முறை எடுத்தாலும் அதே ஒன்றைத்தான் பார்க்காமல் விடும்.

நடுவில் என் பித்தப்பை போயிற்று. 2021இல் ஒரு ஸ்கேனில் இரண்டு சிறு கற்கள் தெரிந்தன. எல்லோருக்கும் நிம்மதி, என்னைவிட மருத்துவர்களுக்கு நிம்மதி. ஒரு தனியார் மருத்துவமனையில், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையில், அறுவைச் சிகிச்சை நடந்தது. பித்தக்கல் உள்ளவர்களில் பலருக்கு அதனால் வாழ்நாள் முழுவதும் ஒரு தொந்தரவும் வருவதில்லை என்று அன்று யாரும் சொல்லவில்லை. பித்தக்கல் வலி வந்து, சில மணி நேரம் உலுக்கி, அடங்கிவிடும். என் வலியோ அடங்குவதே இல்லை, குனிந்தால் கூடுகிறது, சாப்பாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதை நான் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. நான்கு சிறு தழும்புகள் ஆறின. விரல் இருந்த இடத்திலேயே இருந்தது. ஓர் உறுப்பை எடுத்துப் போடக் காப்பீடு இருந்தது. இந்த உறுப்புதான் காரணமா என்று ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து யோசிப்பதற்குக் காப்பீடு இல்லை.

மனநலப் பிரிவுக்கு அனுப்பியதைக்கூடத் தவறு என்று சொல்ல மாட்டேன். அங்கிருந்த இளம் மருத்துவர்தான், அத்தனை பேரில், "ராத்திரி தூங்குகிறீர்களா?" என்று கேட்ட முதல் ஆள். அனுப்பிய விதம்தான் தைத்தது. சீட்டை எழுதிக்கொண்டே, என்னை அங்கே அனுப்பிய மருத்துவர் சுற்றி நின்ற பயிற்சி மருத்துவர்களிடம் சொன்னார்: "எல்லாம் நார்மல். நாற்பது வயதுப் பெண். புரிகிறதா?" அவர்களுக்குப் புரிந்தது. எனக்கும் புரிந்தது.

27ஆம் எண் அறைக்கு என்னை யாரும் அனுப்பவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இத்தனை துறைகளில் ஒருவருக்குக்கூட, இதே கட்டடத்தில் வியாழக்கிழமைதோறும் காலை 9 மணி முதல் 12 மணிவரை மயக்கவியல் துறையினர் ஒரு வலி சிகிச்சைப் பிரிவு நடத்துகிறார்கள் என்று தெரிந்திருக்கவில்லை, அல்லது சொல்லத் தோன்றவில்லை. 2023இல் ஊசி போடும் அறையைத் தேடிப் போனவள் தவறி அங்கே நுழைந்தேன். வெளியே பெஞ்சில் எட்டுப் பேர் இருந்தார்கள். கேட்டேன், சொன்னார்கள், நானும் உட்கார்ந்தேன்.

உள்ளே இருந்த மருத்துவர் என் பையை வாங்கி ஓரமாக வைத்தார். "இதெல்லாம் பிறகு. எங்கே வலிக்கிறது என்று ஒரே ஒரு விரலால் காட்டுங்கள்" என்றார். காட்டினேன். "ஒரு விரலால் காட்ட முடிகிறது என்பதே ஒரு செய்தி" என்றார். படுக்கச் சொல்லி அந்த இடத்தை அழுத்தினார். வலித்தது. அழுத்திய விரலை எடுக்காமல், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு தலையையும் தோளையும் மட்டும் தூக்கச் சொன்னார். உயிர் போயிற்று. பிறகு விளக்கினார்: வலி உள் உறுப்பில் இருந்தால், வயிற்றுத் தசை இறுகும்போது அது கேடயம்போல் மறைத்துக்கொள்ளும், வலி குறையும். வலி சுவரிலேயே இருந்தால், தசை இறுகும்போது கூடும். பிலடெல்ஃபியாவில் இருந்த கார்னெட் என்ற அறுவை மருத்துவர் 1926இல் எழுதிவைத்த சோதனை இது. கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், ஒரு நிமிடம் போதும். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பழையது. என் பித்தப்பை போவதற்கு முன் யாராவது இதைச் செய்து பார்த்திருந்தால் அது இன்றும் என்னிடம் இருந்திருக்கலாம்.

ஸ்பிரிட் நனைத்த பஞ்சைத் தோலில் இழுத்துப் பார்த்தார். ஓர் உள்ளங்கை அளவு இடத்தில் குளிர்ச்சி வேறுமாதிரி தெரிந்தது. அங்கே எப்போதாவது அக்கி வந்ததா என்று கேட்டார். வரவில்லை. விலா விளிம்புக்கு அடியில் விரல்களைக் கொக்கிபோல் கொடுத்து முன்னால் இழுத்துப் பார்த்தார். விலா எலும்புகள் பன்னிரண்டு சோடி. மேல் ஏழும் நேராக மார்பெலும்பில் சேர்கின்றன, எட்டும் ஒன்பதும் பத்தும் தமக்கு மேலுள்ளதன் குருத்தெலும்பைப் பிடித்துத் தொங்குகின்றன, கடைசி இரண்டுக்கும் முன்னால் பிடிப்பே இல்லை. தொங்குகிற மூன்றில் ஒன்று பிடி தளர்ந்து நழுவினால் அடியில் ஓடும் நரம்பைக் கவ்வும். அல்லது அதே நரம்புகள் விலாக்களுக்கு நடுவிலிருந்து வயிற்றுச் சுவருக்கு வந்து, நடுத்தசையின் ஓரத்தில் திரும்பித் தோலுக்கு ஏறுகிற இடத்தில் நெருக்குண்டு போகலாம். இந்த இரண்டு காரணங்களையும் ஐந்தரை ஆண்டுகளில் நான் கேட்டது அந்த ஓர் அறையில் மட்டும்தான்.

வலிக்கிற புள்ளியில் ஒரு மரப்பு ஊசி போட்டார். பத்து நிமிடத்தில் விரல் போய்விட்டது. மூன்றரை ஆண்டுக்குப் பிறகு முதல் முறையாகப் போயிற்று. வீட்டுக்குப் போய் அரிவாள்மனையை எடுத்து, தரையில் உட்கார்ந்து, முருங்கைக்காய் நறுக்கினேன். அன்று முருங்கைக்காய் தேவையே இல்லை. மகள் பள்ளியிலிருந்து வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாயங்காலம் ஆறு மணிக்கு விரல் திரும்பி வந்தது.

இங்கே கதையை முடித்துக் குணமாகிவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்கும் எனக்கும் சுலபம். அப்படி ஆகவில்லை. இரண்டாவது ஊசி பதினொரு நாள் தாங்கியது. மூன்றாவது ஒன்றும் செய்யவில்லை. விலா நழுவுகிறதா என்று மூச்சை இழுத்து விடச் சொல்லிப் பார்த்த ஸ்கேனிலும் உறுதியாக எதுவும் தெரியவில்லை. அந்த மருத்துவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வலி சுவரில் இருக்கிறது, நரம்பு சம்பந்தப்பட்டது, இவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஏன் வந்தது, ஏன் போகவில்லை என்று தெரியவில்லை. ஆனால் உங்களை வேறு துறைக்கு அனுப்பப் போவதில்லை." 'தெரியவில்லை' என்ற சொல்லை ஒரு மருத்துவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். 'ஏதுமில்லை' என்பதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவளுக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியுமா என்று தெரியவில்லை.

இரண்டு ஆண்டு அங்கே போனேன். மூன்று ஆண்டாகத் தினமும் விழுங்கிக்கொண்டிருந்த டைக்ளோஃபினாக் வலி மாத்திரையை, வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று நிறுத்தினார். இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் கொடுத்தார். "இது மனச்சோர்வுக்கு வந்த மருந்து, குறைந்த அளவில் நரம்பு வலிக்குக் கொடுக்கிறோம், மருந்துக்கடையில் யாராவது ஏதாவது சொன்னால் கண்டுகொள்ளாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினார். மருந்துக்கடையில் சொல்லத்தான் சொன்னார்கள். நான் கண்டுகொள்ளவில்லை. இயன்முறை மருத்துவரிடம் அனுப்பி, விலாவைப் பிடித்துக்கொண்டு மேல்மூச்சு வாங்கிப் பழகியிருந்த என்னை மறுபடியும் வயிற்றால் மூச்சுவிடக் கற்றுக்கொடுக்கச் செய்தார். வலி ஓய்ந்த நாளில் ஒரு வாரத்து வேலையை இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு மூன்று நாள் படுத்துவிடும் பழக்கத்தை விடச் சொன்னார். அதுதான் எல்லாவற்றிலும் கடினம். இன்னும் முழுதாக விடவில்லை.

கணக்குச் சொல்கிறேன். 27ஆம் எண் அறைக்குப் போகுமுன் மாதத்தில் ஏழெட்டு நாள் வேலைக்குப் போக முடியாது. போன பிறகு இரண்டு நாள். அந்த இரண்டு ஆண்டுகளில், மூச்சை இழுத்து விட்டுப் பார்த்த அந்த ஒரு ஸ்கேனைத் தவிர எனக்கு ஸ்கேன் எடுக்கப்படவில்லை, எண்டோஸ்கோபி இல்லை, அவசரப் பிரிவுக்கு ஒரு முறைகூட வரவில்லை. அறை மூடியபின் நான்கு மாதத்தில் 'உரிய துறை'யைத் தேடியதில் ஒரு வயிற்று ஸ்கேன், ஓர் எக்ஸ்ரே, ஒரு கட்டு ரத்தப் பரிசோதனை ஆகிவிட்டன. எல்லாம் அரசுப் பணம். அறையை மூடியதால் மருத்துவமனைக்கு எதுவும் மிச்சமாகவில்லை. செலவு வேறு துறைகளின் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது உங்கள் நான்காவது வரிக்கு வருகிறேன். வலி பெரும்பாலும் அறிகுறிதான்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்கள் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பை 2019 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்டது. 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதில் நாட்பட்ட வலிக்குத் தனிக் குறியீடு இருக்கிறது: எம்.ஜி.30. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற அல்லது திரும்பத் திரும்ப வருகிற வலி நாட்பட்ட வலி; வேறு நோயொன்றால் சரிவர விளக்க முடியாமல், மனத்தையும் அன்றாட வேலையையும் முடக்குகிற வலியை அதற்குள் முதன்மை நாட்பட்ட வலி என்று தனியே வைத்திருக்கிறார்கள். அடுப்பை அணைத்த பிறகும் குக்கர் விசிலடித்துக்கொண்டே இருந்தால், பழுது குக்கரில்தானே? 2020இல் வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் வலிக்கான தன் வரையறையைத் திருத்தியபோது, தனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்று சேர்த்து எழுதியது. இவற்றை எனக்குச் சொன்னது இணையம் அல்ல. உங்கள் மருத்துவமனையின் 27ஆம் எண் அறைச் சுவரில் ஒட்டியிருந்த தாள். அது இன்னும் உள்ளேதான் இருக்க வேண்டும், பூட்டுக்குப் பின்னால்.

உங்கள் இக்கட்டும் எனக்குத் தெரியும். அந்த மருத்துவர் கலந்தாய்வில் மாறுதலாகிப் போய்விட்டார். மாற்று ஆள் வரவில்லை. இருக்கிற மயக்கவியல் மருத்துவர்கள் அறுவை அரங்குகளுக்கே போதவில்லை. மயக்க மருந்து கொடுக்க ஆளில்லாமல் ஒரு பிரசவம் நிற்பதை என் விலாவுக்காக நான் கேட்க மாட்டேன். ஆனால் அந்த அறை வாரத்துக்கு மூன்று மணி நேரம்தான் நடந்தது. மீதி நாட்களில் அந்த மருத்துவரும் அறுவை அரங்கில்தான் இருந்தார். வாரத்துக்கு மூன்று மணி நேரம் கிடையாது என்று முடிவெடுத்ததைக்கூட ஏற்கலாம். அதற்கு 'ஆளில்லை' என்று எழுதாமல் 'வலி நோயல்ல' என்று எழுதினீர்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. முதலாவது பற்றாக்குறை, நாளை சரியாகலாம். இரண்டாவது தீர்ப்பு, சரிசெய்ய ஒன்றுமில்லை என்கிறது.

என்னோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களை நினைத்துக்கொள்கிறேன். குடலிறக்க அறுவை முடிந்து மூன்று ஆண்டாகத் தொடை இடுக்கில் எரிச்சலோடு திரியும் ஒரு லாரி ஓட்டுநர். அக்கி ஆறிய பிறகும் முதுகில் துணி பட்டால் துடிக்கும் ஒரு முதியவர். சட்டை போடாமல் துண்டைக்கூட விலக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார், எல்லோரும் அவரைக் கோயில் ஆள் என்று நினைப்பார்கள். புற்றுநோய் முற்றிய கணவருக்காக மாதம் இரு முறை மார்ஃபின் மாத்திரைச் சீட்டு வாங்க வரும் ஓர் அம்மா. இப்படிப்பட்டவர்களுக்கு மார்ஃபின் எளிதாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் 2014இல் நாடாளுமன்றம் போதைப்பொருள் சட்டத்தையே திருத்தியது. அந்த அம்மாவுக்கு இப்போது எந்த அறை? என் வலி கொல்லாது, அது எனக்குத் தெரியும். அவர் வீட்டில் காத்திருக்க நேரமில்லை.

மாமியாரின் சர்க்கரை மாத்திரை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல திட்டம். கொண்டுவரும் பெண்ணிடம் ஒரு நாள் என் வலியைச் சொன்னேன். கையிலிருந்த பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தாள். "அக்கா, இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?" என்று கேட்டாள். அவள்மேல் தவறில்லை.

ஆகவே கேட்கிறேன். 27ஆம் எண் அறையை வாரம் ஒரு முறை, முடியாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது, திறந்துவையுங்கள். மாற்று மருத்துவர் வரும்வரை இருக்கிற மயக்கவியல் மருத்துவர்களில் ஒருவரைச் சுழற்சி முறையில் அந்த மூன்று மணி நேரத்துக்கு அமர்த்துங்கள். அதற்கும் வழியில்லையென்றால், அந்தப் பணியிடத்தை நிரப்பும்படி மேலிடத்துக்குக் கடிதம் எழுதிய நாளையாவது கதவில் ஒட்டுங்கள். காத்திருக்க எங்களுக்குத் தெரியும். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிந்தால் போதும். மார்ஃபின் சீட்டு மட்டும் காத்திருக்கக் கூடாது. அதை எந்த அறையில், எந்த நாளில், யார் எழுதித் தருவார் என்று இந்த வாரமே அறிவியுங்கள்.

மேல்வயிற்று வலியோடு வருகிறவரை இரண்டாவது ஸ்கேனுக்கு அனுப்புமுன், படுக்கவைத்துத் தலையைத் தூக்கச் சொல்லும் அந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்து அதன் முடிவைச் சீட்டில் எழுத வேண்டும் என்று எல்லாத் துறைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். இதற்கு ஆள் வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். ஒரு நோயாளியை மூன்றாவது துறைக்கு அனுப்பும் நிலை வந்தால், அனுப்புகிறவர் ஒருவராவது அவரைத் தன் நோயாளி என்று வைத்துக்கொண்டு, திரும்பி வரச் சொல்லி ஒரு நாள் குறித்துக் கொடுக்கட்டும். நோயாளி முன்னால் இருக்கும்போது அவர் வயதையும் பாலினத்தையும் நோயின் பெயராகச் சொல்ல வேண்டாம் என்று பயிற்சி மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர்களிடம் சொல்லுங்கள்.

என் மனுவுக்கு அனுப்பிய பதிலைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறு பதில் அனுப்புங்கள். அதில் நான்காவது வரியை எடுத்துவிட்டு, உரிய துறை எது என்று அதன் பெயரையும் அறை எண்ணையும் கிழமையையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓ.பி. சீட்டில் 'பெண், 44, வயிற்று வலி, நார்மல்' என்று எழுதப்பட்டவள்